போதும் என்ற மனது: டெல்டாவில் சபைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கல்யாணமாகி வந்தவர்கள், வேலை மாற்றலில் வந்தவர்கள், வீட்டில் யாரும் போகாத ஆலயத்துக்குத் தாங்களாகவே தேடி வந்தவர்கள் என்று மயிலாடுதுறை, திருவாரூர், தஞ்சாவூர் பக்கத்துச் சபைகளில் வருடந்தோறும் புது முகங்களைப் பார்க்கிறோம். பழகிய கொஞ்ச நாளில் அவர்களில் பலர் தயங்கித் தயங்கிக் கேட்பது இதைத்தான்: "ஜெபம் பண்றேன், பைபிள் படிக்கிறேன். ஆனா மனசு நிறையவே மாட்டேங்குது. எனக்கு விசுவாசம் பத்தலையா?"

விசுவாசத்தில் குறை ஒன்றும் இல்லை. மனநிறைவை ஞானஸ்நானத்தோடு சேர்த்து யாரும் கையில் கொடுத்துவிடுவதில்லை. "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல், ஊர் ஊராக அலைந்து, அடிபட்டு, பட்டினி கிடந்து, கடைசியில் காவலில் இருந்துகொண்டு அதை எழுதினார். அதே கடிதத்தில், எப்பாப்பிரோதீத்துவின் கையில் பிலிப்பி சபையார் கொடுத்தனுப்பிய உதவிக்கு நன்றியும் சொல்கிறார். பாடத்தை முழுக்கக் கற்ற மனிதருக்கும் சபையின் கை தேவைப்பட்டிருக்கிறது. மனநிறைவு பழகப் பழக வரும். நாலு பேரோடு சேர்ந்து பழகினால்தான் வரும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். "போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்று எல்லா வீட்டிலும் கேட்டு வளர்ந்திருப்போம். நல்ல வார்த்தைதான். ஆனால் ஆசையை அடக்கிக்கொள் என்பதோடு கிறிஸ்தவ விசுவாசம் நிற்பதில்லை. எபிரெயர் நிருபம் 13-ஆம் அதிகாரத்தில், இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள் என்று சொன்ன கையோடு அதற்குக் காரணமும் வருகிறது: "நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை." ஒருவர் கூடவே இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் போதும் என்று சொல்ல முடிகிறது. அந்த நம்பிக்கை கண்ணுக்குத் தெரியும்படி நிற்கும் இடம் சபை.

முதல் படி: ஒரே இடத்தில் கால் ஊன்றுங்கள்

டெல்டாவில் சபைகளுக்குப் பஞ்சமில்லை. தரங்கம்பாடியில் 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கியதிலிருந்து வளர்ந்த லுத்தரன் சபைகள், சிஎஸ்ஐ சபைகள், கும்பகோணம், தஞ்சாவூர் மறைமாவட்டங்களின் கத்தோலிக்கப் பங்குகள், தெருவுக்கு ஒன்றாகப் பெந்தெகொஸ்தே ஜெபவீடுகள். உங்கள் பின்னணிக்கும் வீட்டுக்கும் பக்கமானதைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதன்பின் ஒரு வருடமாவது வேறெங்கும் தாவாதீர்கள். பாட்டு நன்றாக இருக்கிறது என்று ஒரு வாரம் இங்கே, பிரசங்கம் சுருக்கமாக முடிகிறது என்று மறுவாரம் அங்கே என்று போகிறவர்கள் எங்கேயும் யாருக்கும் தெரிந்தவர்களாக ஆவதில்லை. ஒரு வருடம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. குறுவை, சம்பா, லெந்து என்னும் தவக்கால நாட்கள், ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை, கிறிஸ்துமஸ் எல்லாம் ஒரு சுற்று வந்தால்தான், இந்த மக்கள் கையில் காசு இருக்கும்போதும் இல்லாதபோதும் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியும்.

ஞாயிறு ஆராதனையோடு வீடு திரும்பிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இஸ்திரி போட்ட துணியில்தான் வருகிறோம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று அங்கே தெரியாது. இரண்டாவது வாரமே ஆயரிடமோ சபைப் பெரியவர் ஒருவரிடமோ, "எங்க தெருவுல வீட்டு ஜெபக்கூட்டம் எந்தக் கிழமைங்கய்யா?" என்று கேளுங்கள். கத்தோலிக்கப் பங்கில் சேர்ந்திருந்தால், அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியம் எப்போது, யார் வீட்டில் கூடுகிறது என்று கேட்டால் உடனே சொல்வார்கள். யாரை எப்படி அழைப்பது என்று தயக்கம் வேண்டாம். ஆயரை ஐயா என்றும், பங்குச் சாமியாரை ஃபாதர் என்றும், ஜெபவீட்டில் பாஸ்டர் என்றும் கூப்பிடுவார்கள். மற்றவர்களை வயதுக்குத் தக்கபடி அக்கா, அண்ணன், அம்மா என்றே அழைக்கலாம். பெந்தெகொஸ்தே சபையில் பிரதர், சிஸ்டர் என்பது வழக்கம்.

வீட்டுக் கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போவதற்குக் கூச்சம் குறையும். ஏழு மணிக்கு என்றால் ஏழரைக்குத்தான் கூடுவார்கள். ஜமுக்காளம் விரித்து, பிளாஸ்டிக் நாற்காலிகளை வயதானவர்களுக்குப் போட்டிருப்பார்கள். இரண்டு பாட்டு, ஒரு சங்கீதம். பிறகு, "சாட்சி சொல்றவங்க சொல்லலாம்" என்பார் நடத்துகிறவர். ஒரு அம்மா எழுந்து முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "எங்க வாய்க்காலுக்குத் தண்ணி எட்டிப் பாத்துருச்சு, அதுக்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். மாடு நல்லபடியா கன்னு போட்டுச்சு, அதுக்கும் ஸ்தோத்திரம். பெரியவனுக்கு இன்னும் வேலை அமையல, எல்லாரும் ஜெபிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். நன்றியும் குறையும் ஒரே மூச்சில் வரும். மகனுக்கு வேலை கிடைத்த பிறகு நன்றி சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. வேலை இல்லாததை மறைத்துக்கொண்டு சிரிக்கவும் இல்லை. கடைமடையில் இருக்கிறவர்களுக்கு, ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டது என்ற செய்தி மட்டும் போதாது. தண்ணீர் தன் வயலுக்கு வந்து சேர எத்தனை நாளாகும், வந்து சேருமா என்ற கவலை வருடா வருடம் உண்டு. அப்படிப்பட்டவர் சொல்லும் ஸ்தோத்திரத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதைவிடப் பெரிய பாடம் எந்தப் பிரசங்கத்திலும் கிடைக்காது.

முதல் சில கூட்டங்களில் நீங்கள் பேச வேண்டியதில்லை. கேளுங்கள். ஒவ்வொருவரும் சொன்ன விண்ணப்பத்தை நினைவில் வைத்து, அடுத்த முறை "அண்ணனுக்கு வேலை என்னாச்சுங்க அக்கா?" என்று விசாரியுங்கள். சேர்ந்துகொள்ள இது போதும்.

இரண்டாம் படி: உங்கள் குறையை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, எனக்கு இது இல்லை, அது இல்லை என்று மனம் புலம்புவதையெல்லாம் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் பார்த்து, இது என் வீட்டுத் தேவையிலிருந்து வந்ததா, இன்னொரு வீட்டைப் பார்த்ததிலிருந்து வந்ததா என்று பிரியுங்கள். நம் ஊர்களில் இது சுலபமாகப் பிடிபடும். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் பணத்தில் தெருவுக்கு நாலு மாடி வீடு எழும்புகிறது. யார் வீட்டுக் கல்யாணத்தில் எத்தனை பவுன் போட்டார்கள் என்பது சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்துவிடுகிறது. அதுவரை குறையாகவே தெரியாதது அன்று ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது.

முதல் பக்கத்தில் அரிசி, மருந்து, பிள்ளையின் படிப்புக் கட்டணம், ஒழுகும் கூரை என்று இருந்தால், அதைப் பேராசை என்று நினைத்து உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளாதீர்கள். "உண்ணவும் உடுக்கவும் நமக்கு உண்டாயிருந்தால் அது போதுமென்றிருக்கக்கடவோம்" என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய வசனம், உண்ண உடுக்க இருக்கிறவனைப் பார்த்துச் சொன்னது. அதுவே இல்லாதவரிடம் போய்ப் போதும் என்று இரு என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அந்தத் தேவையை ஆயரிடம் சொல்லுங்கள். கத்தோலிக்கப் பங்குகளில், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் அவர்களிடம் சொல்லலாம். பெண்களுக்குள் பேசிக்கொள்வது எளிது என்றால் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொல்லுங்கள். கேட்பது அவமானம் என்று நினைக்கிற சபையில் மனநிறைவு வளராது. அங்கே வெளிவேஷம்தான் வளரும்.

கடனைத் தனியாக எழுதுங்கள். நகைக்கடன், கூட்டுறவு சங்கக் கடன், மகளிர் குழு, வாராவாரம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் மைக்ரோ பைனான்ஸ் தவணை என்று ஒவ்வொன்றுக்கும் வட்டி எவ்வளவு, தவணை எவ்வளவு என்று பக்கத்திலேயே குறியுங்கள். வட்டி அதிகமான கடனை முதலில் அடைக்கப் பாருங்கள். வாரத் தவணை கழுத்தை நெரிக்கும்போது சங்கீதம் மட்டும் படித்தால் மனம் அடங்காது. கணக்குத் தெரிந்த சபைப் பெரியவர் ஒருவரை உட்காரவைத்து அந்த நோட்டைக் காட்டுவதும் விசுவாசத்தின் வேலைதான்.

இரண்டாம் பக்கத்தில் இருப்பவைதான் அடுத்த படிக்கு.

மூன்றாம் படி: ராத்திரியில் ஒரு சங்கீதம்

73-ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள். துன்மார்க்கர் கொழுத்து வாழ்கிறார்களே, நான் சுத்தமாயிருந்தது வீண்தானோ என்று ஆசாப் வயிற்றெரிச்சலை மறைக்காமல் கொட்டுகிறார். தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்வரை தன் மனசு தெளியவில்லை என்கிறார். தனியாக யோசித்து யோசித்து அவர் தீர்த்துக்கொள்ளவில்லை, ஆராதனைக்குப் போனார். அது முடிந்ததும் 37, 131, 23 என்று போகலாம். 131 மூன்றே வசனம்தான், பால் மறந்த குழந்தை தாய் மடியில் இருப்பதைச் சொல்வது. சீக்கிரம் மனப்பாடம் ஆகிவிடும்.

படித்ததும் அன்றைய நாளில் நன்றி சொல்ல வேண்டியதை ஒரு வரி எழுதுங்கள். "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம்" என்று எழுதாதீர்கள். அதில் எதுவும் நினைவில் நிற்காது. பஸ்ஸில் இடம் கிடைத்தது, மாமியாருக்குக் காய்ச்சல் விட்டது, பக்கத்து வீட்டு பாய் நோன்புக் கஞ்சி கொடுத்துவிட்டார் என்று பேர் சொல்லி எழுதுங்கள்.

நான்காம் படி: பிடியரிசி

எனக்குத் தெரிந்து மனநிறைவை இதைவிட நேராகக் கற்றுக்கொடுக்கும் பழக்கம் வேறில்லை. உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைக் களைவதற்கு முன்பே எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிடுவது. வாரக் கடைசியில் அதைச் சபைக்குக் கொண்டுபோனால் எல்லோருடையதும் ஒன்றாகச் சேர்ந்து இல்லாத வீட்டுக்குப் போகும். மிச்சம் இருந்தால் கொடுக்கலாம் என்பது இதில் இல்லை. முதலில் எடுத்துவிட்டு மீதியைச் சமைக்கிறோம், அந்த மீதி பசியாற்றிவிடுகிறது. தினமும் கை அதைச் செய்யச் செய்ய, இருப்பது போதும் என்பது கைக்குத் தெரிந்து, பிறகு மனதுக்கும் தெரிகிறது. உங்கள் சபையில் இந்த வழக்கம் விட்டுப்போயிருந்தால் உங்கள் வீட்டில் மட்டும் தொடங்குங்கள். டப்பா நிறைந்ததும் தெருவிலேயே கொடுக்க ஆள் இருக்கும்.

இந்த மண்ணில் இதற்கு ஆழமான வேர் உண்டு. ஹைதர் அலியின் படையெடுப்பால் 1780-களில் தஞ்சாவூர்ச் சீமை பஞ்சத்தில் விழுந்தபோது, மிஷனரி சுவார்ட்ஸ் முன்கூட்டியே வாங்கிச் சேர்த்திருந்த அரிசியால் பட்டினி கிடந்தவர்களுக்குச் சோறு போட்டார். சிவகங்கைப் பூங்கா பக்கத்தில் 1779-இல் அவர் கட்டிய ஆலயம் இன்னும் நிற்கிறது. உள்ளே போனால், அவர் மரணப்படுக்கையில் கிடக்க சரபோஜி மன்னர் பக்கத்தில் நிற்கும் பளிங்குச் சிற்பத்தைப் பார்க்கலாம். பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு நடை அங்கும் போய்வாருங்கள்.

அறுப்பின் பண்டிகைக்கு ஊருக்கு ஊர் மாதம் மாறும். நெல் மூட்டை, வாழைத்தார், பூசணி, கோழி, வீட்டில் சுட்ட முறுக்கு என்று கொண்டுவந்து படைப்பதை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். ஒரு பாட்டி கொண்டுவந்த முருங்கைக்காய்க் கட்டு, சந்தை விலைக்குப் பல மடங்கு போவதைப் பார்ப்பது சந்தோஷமான விஷயம். ஆனால் நீங்கள் புதிது. பக்கத்துக்காரரை முந்துவதற்காகக் கையை உயர்த்தாதீர்கள். முந்துவதற்கு ஏலம் கேட்கிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு, அது அவர்களுக்கும் நல்லதல்ல. உங்களால் முடிந்ததில் ஒரு தேங்காயை வாங்குங்கள்.

கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். "இவ்வளவு விதைத்தால் கர்த்தர் நூறு மடங்காகத் திருப்பித் தருவார்" என்று உங்கள் பர்ஸைப் பார்த்துப் பேசுகிற ஊழியர் எவ்வளவு பெயர் பெற்றவராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். அவர் கற்றுக்கொடுப்பது மனநிறைவுக்கு நேர் எதிரானது. ஆண்டவரையே வட்டிக்கு விடச் சொல்கிறார்.

ஐந்தாம் படி: அநியாயத்துக்குப் போதும் என்று சொல்லாதீர்கள்

இந்த இடத்தில்தான் பலர் தடம் மாறுகிறார்கள். கூலியைக் குறைத்துக் கொடுத்தாலும் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கிறிஸ்தவனின் மனநிறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யாக்கோபின் நிருபம் 5-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் குரல் கர்த்தரின் காதில் விழுந்துவிட்டது என்கிறது. நாகப்பட்டினம் பக்கத்தில் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தது 1968 டிசம்பர் 25 இரவு. கிறிஸ்துமஸ் இரவு. டெல்டாவில் மனநிறைவைப் பற்றிப் பேசுகிற எவரும் அதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

தரங்கம்பாடியில் சீகன்பால்குவை 1708-இன் கடைசியில் டேனிஷ் தளபதி பிடித்து நான்கு மாதம் சிறையில் வைத்ததும், ஒரு விதவையின் கடன் வழக்கில் அவர் பரிந்து பேசப்போன தகராறில்தான். ஆகவே பேச வேண்டிய இடத்தில் பேசுங்கள். கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டினால் புகார் கொடுங்கள். பயிர்க் காப்பீடும் நிவாரணமும் உங்களுக்கு உரியவை. அலைந்து திரிந்தாவது வாங்குங்கள். நீங்கள் ஆள் வைத்து வேலை வாங்குகிறவராக இருந்தால், அன்றைய கூலியை அன்று பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடுவதுதான் உங்களுக்கான முதல் பாடம். சபைக்குள்ளேயே சாதி பார்த்து உட்காரவைத்தாலோ, கல்லறைத் தோட்டத்தில் தனி இடம் என்றாலோ, அதையும் போதும் என்று விட்டுவிடக்கூடாது.

நஷ்டம் வரும்போது

ஐப்பசி மழையில் குறுவை நெல் நனைந்து, கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாய்க்குள் முளைவிட்டுக் கிடப்பதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஈரப்பதத்தின் வழக்கமான வரம்பு 17 சதவீதம். அதைத் தாண்டினால் வரிசையில் கிடக்க வேண்டியதுதான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை ஒரே ராத்திரியில் சாய்த்துவிட்டுப் போனது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழகத்திலேயே அதிக உயிர்களை இழந்தது நாகை மாவட்டம். வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸ் கொண்டாட வந்த யாத்ரீகர்களும் அதில் போனார்கள்.

அப்படிப்பட்ட வீட்டுக்குப் போகும்போது "கர்த்தர் எதையும் நன்மைக்குத்தான் செய்வார்" என்று வாசலிலேயே ஆரம்பிக்காதீர்கள். சாப்பாடு கொண்டுபோங்கள். நெல் நனைகிறது என்றால் தார்ப்பாயைப் பிடிக்கப் போங்கள். பக்கத்தில் உட்காருங்கள். ஆபகூக்கின் மூன்றாம் அதிகாரக் கடைசியில், வயல் விளையாமல் போனாலும் தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று ஒரு பாட்டு இருக்கிறது. அதை இழந்தவர்தான் பாட வேண்டும். இழக்காதவர் அவருக்குப் பாடிக்காட்டக் கூடாது. அவர் பாடுகிற நாள் வந்தால் கூடச் சேர்ந்து பாடலாம்.

உங்களுக்கே நஷ்டம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளாமல், வருகிறவர்களை உள்ளே விடுங்கள். கொடுத்துப் பழகியவர்களுக்கு வாங்கிக்கொள்வதுதான் கஷ்டம். பவுல் வாங்கிக்கொண்டார்.

டிசம்பர்

வருடத்தில் மனம் அதிகம் அலையும் மாதம். துணி, கேக், ஸ்டார், குடில், விருந்து என்று எல்லாமே அடுத்த வீட்டைப் பார்த்து ஏறும். நவம்பரிலேயே உட்கார்ந்து, கடன் வாங்காமல் எவ்வளவு செலவு செய்ய முடியும் என்று குடும்பமாக முடிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் அந்தக் கணக்கைச் சொல்லுங்கள். துணி எடுக்கும்போது, எடுக்க முடியாத ஒரு வீட்டுப் பிள்ளைக்கும் ஒன்று எடுங்கள். அந்தப் பிள்ளையின் அப்பா அம்மா கையில் கொடுத்து, அவர்களே கொடுப்பதுபோல் கொடுக்கச் சொல்லுங்கள். 31-ஆம் தேதி ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த வசன அட்டை கொடுப்பார்கள். உங்களுக்கு வந்தது ஆசீர்வாத வசனமா, பக்கத்துக்காரருக்கு வந்தது அதைவிடப் பெரிதா என்று ஒப்பிட வேண்டாம்.

எதைச் செய்தும் மனம் தெளியவில்லை என்றால்

ஒரு சுற்று வந்த பிறகும் தூக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால், அது மனநிறைவுக் குறைவு இல்லை, விசுவாசக் குறைவும் இல்லை. அது நோயாக இருக்கலாம், அதற்கு மருந்து இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் போன் செய்து தமிழிலேயே பேசலாம். உபவாச ஜெபம் போட்டால் சரியாகிவிடும், மாத்திரையை நிறுத்து என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஜெபமும் நடக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும். கூட்டத்தில் எழுந்து சொல்லக் கூச்சமாக இருந்தால் ஆயரிடமோ, நீங்கள் நம்புகிற ஒரு அக்காவிடமோ மட்டும் சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கூட வரச் சொல்லுங்கள். புறநோயாளிகளுக்குக் காலையிலேயே சீட்டுப் போடுவார்கள், முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிடுங்கள்.